இறந்தவர் கண்ணில் வெளிச்சம் கண்ட டாக்டர்



இந்த இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி நம் சங்கச் செயலாளர் கேட்டார். யாரை எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. மூன்று வருடங்களாக என் மனதில் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் விளாடிமிர் பெத்ரோவிச் ஃபிலடோவ். கண் டாக்டர். ரஷ்யாவில் பிறந்து, இன்றைய உக்ரைனில் கருங்கடல் ஓரத்தில் இருக்கும் ஒடெசா நகரில் வாழ்ந்து, 1956-ல் காலமானவர். அந்த நாடுகளில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். நானும் மூன்று வருடங்களுக்கு முன்பு வரை கேள்விப்பட்டதில்லை. ஏன் தேடிப் படித்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நான் காமர்ஸ் படித்தவன், டாக்டர் இல்லை. ஆகவே எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். நம் கண்ணின் கறுப்புப் பகுதிக்கு முன்னால், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல ஒரு தெளிவான படலம் இருக்கிறது. அதைத்தான் கார்னியா, கருவிழி என்கிறோம். நடுவில் அதன் கனம் அரை மில்லிமீட்டர்தான். வெளிச்சம் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். சுண்ணாம்பு தெறித்தாலோ, வயலில் நெல் தாள் குத்திப் புண்ணானாலோ, கிருமி தாக்கினாலோ அந்தப் படலம் வெளுத்துப் போகும். உள்ளே கண் நன்றாகவே இருக்கும். ஆனால் ஜன்னல் கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடித்தது போல எதுவும் தெரியாது. கண்ணாடி கெட்டால் கண்ணாடியை மாற்ற வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். டாக்டர்களுக்கும் 200 வருடங்களுக்கு முன்பே தோன்றிவிட்டது. ஆனால் மாற்றுவதற்குக் கண்ணாடி எங்கே கிடைக்கும்? ஃபிலடோவின் வாழ்க்கை இந்தக் கேள்விக்கான பதில்தான்.

அவர் பிறந்தது 1875 பிப்ரவரியில், ரஷ்யாவின் பென்சா மாகாணத்தில் மிகைலோவ்கா என்ற கிராமத்தில். டாக்டர் குடும்பம். அப்பா கிராமப்புற மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர். அறுவை சிகிச்சையும் கண் வைத்தியமும் தெரிந்தவர். சித்தப்பா பெரியப்பா வரிசையில் டாக்டர்கள் பலர். அவர்களில் நீல் ஃபிலடோவ் ரஷ்யாவில் குழந்தை மருத்துவத்துக்கு அடித்தளம் போட்டவர். பையன் டாக்டராகத்தான் ஆவான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்து 1897-ல், 22 வயதில் பட்டம் வாங்கினார். சில ஆண்டுகள் மாஸ்கோவில் கண் சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்த்தார். 1903-ல் ஒடெசாவில் பேராசிரியராகச் சேர்ந்த கொலோவின் என்பவர் இவரையும் அங்கே அழைத்துக்கொண்டார். 1911-ல் கொலோவின் மாஸ்கோவுக்குத் திரும்ப, 36 வயதில் ஃபிலடோவ் கண் மருத்துவத் துறைக்குத் தலைவரானார். பிறகு, போர்க்காலம் தவிர, வாழ்நாள் முழுக்க ஒடெசாதான்.

அந்தக் காலத்தில் கருவிழி மாற்று சிகிச்சை எந்த நிலையில் இருந்தது தெரியுமா? 1830-களில் சாமுவேல் பிக்கர் என்ற அயர்லாந்து டாக்டர் எகிப்துப் பாலைவனத்தில் நாடோடிகளிடம் கைதியாக இருந்தபோது, பார்வை போன ஒரு மானுக்கு இன்னொரு மானின் கருவிழியைப் பொருத்திப் பார்த்தார், அது ஒட்டியது. பிறகு அமெரிக்காவில் ஒருவர் பன்றியின் கருவிழியை மனிதனுக்கு வைத்தார், அது மங்கிப்போனது. மிருகத்தின் கருவிழி மனிதனுக்கு ஒத்துவராது என்று புரியவே பல ஆண்டுகள் ஆயின. 1905 டிசம்பரில்தான் முதல் வெற்றி கிடைத்தது. இன்று செக் நாட்டில் இருக்கும் ஓலமௌட்ஸ் ஊரில் எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர், சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் போன ஒரு கூலித் தொழிலாளிக்கு மனிதக் கருவிழியைப் பொருத்தினார். ஒரு கண்ணில் அது தெளிவாக நின்றது. அந்த மனிதர் மறுபடியும் வேலைக்குப் போனார்.

அந்தக் கருவிழி யாருடையது என்று கேட்டீர்களானால், 11 வயதுப் பையன் ஒருவனுடையது. அவன் கண்ணில் இரும்புத் துண்டு பாய்ந்துவிட்டது. காப்பாற்ற வழியில்லாமல் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் முன்பக்கக் கருவிழி சேதமில்லாமல் இருந்தது. அதைத்தான் அந்தத் தொழிலாளிக்கு வைத்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒருவருக்குப் பார்வை வர வேண்டுமானால், உயிரோடு இருக்கும் இன்னொருவர் தன் கண்ணை இழக்க வேண்டும். அதுவும் கருவிழி மட்டும் நன்றாக இருந்து, கண்ணின் மற்ற பாகம் கெட்டிருக்க வேண்டும். அதுவும் அதே ஊரில், அதே நாளில். இப்படி எத்தனை கண் கிடைக்கும்? வங்கிக் கணக்கில் சொன்னால், வரவு மாதத்துக்கு ஒன்று, வரிசையில் நிற்பவர்கள் ஆயிரக்கணக்கில். பிராக் நகரில் எல்ஷ்னிக் என்ற பேராசிரியர் இந்த முறையில் நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்து காட்டினார். சிகிச்சை முடியும் என்று தெரிந்துவிட்டது. சரக்குதான் இல்லை.

ஃபிலடோவ் தன் முதல் கருவிழி மாற்று சிகிச்சையை 1912-ல் செய்தார். வைத்த கருவிழி மங்கிவிட்டது, தோல்வி. வேறு யாராவது இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். இவர் விடவில்லை. ஆனால் அடுத்து வந்த வருடங்கள் சாதாரணமானவை அல்ல. 1914-ல் முதல் உலகப் போர், 1917-ல் புரட்சி, அதன் பின் உள்நாட்டுப் போர், 1921-ல் பஞ்சம். ஒடெசா நகரம் மாறி மாறிப் பல கைகளுக்குப் போனது. அந்தக் குழப்பத்திலும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் கருவிழிக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரியம் செய்தார். அதுவே அவரை உலகம் அறியச் செய்தது. முகம் சிதைந்தவர்களுக்கு வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும். தோலை வெட்டி எடுத்தால் ரத்த ஓட்டம் நின்று அது செத்துவிடும். ஃபிலடோவ் 1916-ல் தோலை ஒரு பட்டையாக உயர்த்தி, இரண்டு முனைகளையும் உடம்போடு விட்டு, நடுப்பகுதியைக் குழாய் போலச் சுருட்டித் தைத்தார். பார்ப்பதற்குச் சூட்கேஸ் கைப்பிடி மாதிரி இருக்கும். ரத்தம் இரண்டு பக்கமும் ஓடும். சில வாரம் கழித்து ஒரு முனையை மட்டும் விடுவித்துத் தேவையான இடத்தில் ஒட்டுவார். லண்டனில் கில்லீஸ் என்ற டாக்டர் 1917-ல், இவரைப் பற்றித் தெரியாமலே, இதே முறையைக் கண்டுபிடித்தார். போரில் முகம் இழந்த எத்தனையோ சிப்பாய்களுக்கு இந்த முறை மூக்கும் கன்னமும் தந்தது.

ஆனால் அவர் மனம் கருவிழியிலேயே இருந்தது. 1920-களில் மறுபடியும் ஆரம்பித்தார். வெட்டும் கருவி சரியில்லை என்று தெரிந்தது. கருவிழியில் வட்டமாக ஒரு சின்னத் துவாரம் வெட்ட வேண்டும். கை இம்மி பிசகினால் பின்னால் இருக்கும் லென்ஸ் கிழிந்துவிடும். மார்த்சின்கோவ்ஸ்கி என்ற கைதேர்ந்த மெக்கானிக்கோடு உட்கார்ந்து, லென்ஸைத் தொடாமல் வெட்டும் கருவிகளை உருவாக்கினார். அந்தக் கருவிகளின் பெயரில் தன் பெயரின் முதல் எழுத்தோடு மெக்கானிக்கின் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்தே வைத்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று. பட்டம் வாங்கியவர் எத்தனை பேர் பட்டறைக்காரருக்குப் பங்கு கொடுக்கிறார்கள்?

சரி, கருவி வந்துவிட்டது. கருவிழிக்கு எங்கே போவது? இதற்கு அவர் கண்ட பதில் எளிமையானது. தினமும் மனிதர்கள் இறக்கிறார்கள். அவர்களோடு நல்ல கருவிழிகளும் மண்ணுக்குப் போகின்றன. அவற்றை ஏன் எடுக்கக் கூடாது?

இன்று இது சாதாரணமாகத் தெரிகிறது. அன்று செத்தவர் உடம்பில் இருப்பதெல்லாம் செத்ததுதான் என்பது பொதுவான எண்ணம். கருவிழியின் தன்மை வேறு. அதில் ரத்தக் குழாய் கிடையாது. கண்ணீரிலிருந்தும், கண்ணுக்குள் இருக்கும் நீரிலிருந்தும், காற்றிலிருந்தும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். அதனால் இதயம் நின்ற பிறகும் சில மணி நேரம் அது உயிரோடுதான் இருக்கிறது. குளிரில் வைத்தால் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். இவருக்கு முன்பும் ஓரிருவர் இறந்தவர் கருவிழியை முயன்று பார்த்ததுண்டு. ஆனால் இதை ஒரு வழக்கமான முறையாக ஆக்கிக் காட்டியவர் ஃபிலடோவ்தான்.

இறந்தவர்களின் கண்களை எடுத்துச் சுத்தமான கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து மூடி, 2 முதல் 4 டிகிரி குளிரில் ஒன்றிரண்டு நாட்கள் பாதுகாத்தார். 1931 மே மாதம் அப்படிப் பாதுகாத்த ஒரு கருவிழியை நோயாளிக்குப் பொருத்தினார். அது ஒட்டியது, தெளிவாகவும் நின்றது. 1912-ல் தோற்றவர் 1931-ல் ஜெயித்தார். நடுவில் 19 வருடங்கள். அப்போது அவருக்கு 56 வயது. அதன் பிறகு நூற்றுக்கணக்கில் செய்தார். அதைவிட முக்கியமாக, பிற டாக்டர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். உயிரோடிருக்கும் ஒருவர் கண்ணை இழக்கக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் அன்றோடு போயிற்று.

1936-ல் ஒடெசாவில் கண் நோய்களுக்கென்று தனி ஆராய்ச்சி நிலையம் அவர் தலைமையில் தொடங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 61. நம்மில் பலர் ஓய்வூதியப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்காரும் வயது. நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். அவர் அந்த வயதில் புதிய கட்டடத்துக்குள் நுழைந்தார்.

1941-ல் மறுபடியும் போர். ஒடெசா எதிரிகள் கையில் விழுந்தது. நிலையத்தை மத்திய ஆசியாவில் இருக்கும் தாஷ்கண்டுக்கு மாற்றினார்கள். கண்ணில் குண்டுச் சிதறல் பாய்ந்த சிப்பாய்களுக்கு அங்கே சிகிச்சை நடந்தது. 1944-ல் ஒடெசா மீண்டதும் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

ஒரு மனிதரைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுதினால் அது கணக்குப் புத்தகத்தில் வரவை மட்டும் எழுதுவது போல. குளிரில் வைத்த திசுக்களில் நோயைக் குணமாக்கும் ஒரு சக்தி உண்டாகிறது என்று அவர் நம்பினார். அதை வைத்து ‘திசு வைத்தியம்’ என்று ஒன்றை உருவாக்கி, கண்ணுக்கு மட்டுமல்லாமல் வேறு பல நோய்களுக்கும் பரிந்துரைத்தார். சோவியத் நாட்டில் அது பெரிதாகப் பரவியது. பிற்கால மருத்துவம் அதை ஏற்கவில்லை. பெரிய மனிதர்களும் தவறுவார்கள். அவர் கருவிழியில் கண்டது நிலைத்தது, இது நிலைக்கவில்லை.

வீட்டில் அவர் எப்படிப்பட்டவர்? ஓவியம் வரைவார், இயற்கைக் காட்சிகளை விரும்பித் தீட்டுவார். கவிதை எழுதுவார். கடவுள் நம்பிக்கை உள்ளவர். நம்பிக்கையை வெளியே காட்டுவதே ஆபத்தாக இருந்த அந்த ஆட்சியிலும் அதை மறைக்கவில்லை. ஸ்டாலின் பரிசு, சோஷலிச உழைப்பு வீரர் பட்டம் என்று அரசு கௌரவங்களும் வந்தன. 1956 அக்டோபர் 30 அன்று, 81 வயதில், ஒடெசாவிலேயே காலமானார். அவர் ஆரம்பித்த நிலையம் அவர் பெயரைத் தாங்கி இன்றும் அங்கே இருக்கிறது.

அவர் காட்டிய வழியில் உலகம் எவ்வளவு தூரம் வந்தது என்று பாருங்கள். 1944-ல் நியூயார்க்கில் டவுன்லி பேட்டன் என்ற டாக்டர் கண் வங்கி என்ற அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1945-ல், நம் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியை ஆரம்பித்தார். 1974-ல் கருவிழியை மட்டும் எடுத்து வைக்க ஒரு திரவத்தைக் கண்டுபிடித்தார்கள். அதில் சில நாட்கள் தாங்கியது. இன்றைய திரவங்களில் இரண்டு வாரம் வரைகூட வைக்கலாம். முழுக் கருவிழியையும் மாற்றாமல் கெட்டுப்போன அடுக்கை மட்டும் மாற்றும் சிகிச்சையும் வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் புட்டி இன்றும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. ஃபிலடோவின் கண்ணாடிப் பாத்திரம்தான் அது, பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

இப்போது நான் ஏன் இவரைத் தேடிப் படித்தேன் என்று சொல்கிறேன்.

என் அண்ணன் கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அட்டையை என்னிடம் காட்டியும் இருக்கிறார். நான் நல்லது அண்ணா என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு இரவு ஒன்பது மணிக்குத் தூக்கத்திலேயே போய்விட்டார். அண்ணி அழுதபடி இருந்தார். நான் ஊருக்கெல்லாம் போன் செய்தேன், ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன், சாமியாருக்குச் சொன்னேன். 33 வருடம் வங்கியில் இருந்தவனுக்கு எதையும் வரிசையாகச் செய்யும் பழக்கம் உண்டு. எல்லாவற்றையும் செய்தேன். அந்த அட்டை மட்டும் நினைவுக்கு வரவில்லை. பத்தாம் நாள், இறப்புச் சான்றிதழுக்காக அவர் பர்ஸில் ஆதார் தேடியபோது அட்டை கையில் வந்தது. அண்ணி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வங்கியில் எத்தனை பேரிடம் நாமினேஷன் போடுங்கள் என்று சொல்லியிருப்பேன்! டெபாசிட் போட்டவர் போன பிறகு அவர் வந்து பணத்தைக் கேட்க முடியாது. நாமினிதான் வர வேண்டும். கண் தானமும் அப்படித்தான். கையெழுத்துப் போட்டவர் தன் கண்ணைத் தானே கொடுக்க முடியாது. வீட்டில் இருப்பவர் போன் செய்தால்தான் அது தானம். இல்லாவிட்டால் வெறும் அட்டை. 19 வருடம் போராடி ஃபிலடோவ் திறந்து வைத்த வாசலை அன்று இரவு என் மறதி மூடிவிட்டது. இரண்டு பேருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வெளிச்சம் அது.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இன்றே, நேரம் எடுத்து, வீட்டில் பேசுங்கள். அட்டை இருக்கிறதோ இல்லையோ, பிள்ளைகளுக்கும் துணைவருக்கும் உங்கள் விருப்பம் தெரியட்டும். எழுதிக் கொடுக்காதவர் கண்களையும் குடும்பத்தார் சம்மதித்தால் கொடுக்கலாம். நம் ஏரியாவுக்கு அருகில் உள்ள கண் வங்கியின் எண்ணை எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வரும் சந்தேகங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வயது தடையில்லை. கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர் எல்லோரும் கொடுக்கலாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய் போன்ற சிலவற்றால் இறந்தவர்களிடம் எடுக்க மாட்டார்கள்; அதை அவர்களே சோதித்து முடிவு செய்வார்கள். இதயம், சிறுநீரகம் போல ஆஸ்பத்திரியில் இருந்தால்தான் முடியும் என்பதில்லை. வீட்டில் இறந்தவரிடமும் எடுக்கலாம். ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அவர்களே வீட்டுக்கு வருவார்கள். அரை மணிக்குள் முடிந்துவிடும். முகம் விகாரமாகாது, பார்க்க வருபவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. காசு எதுவும் கிடையாது. கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது, சட்டப்படி.

அவர்கள் வரும்வரை நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இமைகளை மூடிவிடுங்கள். மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்குக் கீழே தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஏ.சி. இருந்தால் போடுங்கள். ஃபேன் காற்றில் கருவிழி காய்ந்துவிடும்.

என் விருப்பத்தை நான் ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கண் வங்கியின் எண்ணோடு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். பர்ஸில் வைக்கவில்லை. பால் எடுக்கும்போதெல்லாம் என் மருமகள் கண்ணில் அது படுகிறது. ஆரம்பத்தில் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. இப்போது அவள் பெயரையும் கீழே எழுதியிருக்கிறாள்.



– பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்